கேள்வியின் விண்ணப்பம்

அவளுக்குக் கேள்வி என்று பெயர் வைத்தவள் நான்தான். எங்கள் பிள்ளைகள் இல்லத்துக்கு வந்த முதல் நாளே, சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபம் பண்ணும்போது ஏன் கண்ணை மூடுகிறோம், மூடியிருக்கும்போது தட்டில் இருப்பதை யாராவது எடுத்துவிட்டால் என்ன செய்வது என்று என்னைத் துளைத்தெடுத்துவிட்டாள். நான் இங்கே பதினாறு வருடமாக வார்டன். எனக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும். அவளிடம் மட்டும் அது பலிக்கவில்லை.

அப்பா இல்லை. அம்மா செங்கல் சூளையில் கல் அடுக்குகிறவள். ஆறு வயதுத் தங்கை அங்கேயே அம்மா கண்ணில் படும்படி நாள் முழுக்க உட்கார்ந்திருப்பாள். ஒன்பது வயதில் அட்சரம் தெரியாமல் வந்த கேள்வி, எட்டே மாதத்தில் சுவரில் ஒட்டிய அறிவிப்பு முதல் சோப்பு உறை வரை எதையும் விடாமல் படித்தாள். ஆனால் கட்டிலில் சுவரோரமாக ஒண்டித்தான் படுப்பாள். பாதிக் கட்டில் காலியாகவே கிடக்கும்.

"ஏன்டி இப்படிப் படுக்குற? விழுந்திடப் போறேனு பயமா?" என்று கேட்டேன்.

"அந்தப் பக்கம் தங்கச்சி படுப்பாக்கா. வீட்ல அப்படித்தான்."

வேறு ஏதோ சாக்குச் சொல்லி அவளை அதட்டிவிட்டு வந்தேன்.

இந்த வருடம் நான்கு கட்டில்கள் காலியாயின. அவளைக் கூப்பிட்டு, "இந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா பார்க்க வருவாங்கல்ல, தங்கச்சிக்காக விண்ணப்பம் பண்ணச் சொல்லு. அடுத்த சனிக்கிழமைதான் கடைசி நாள். விட்டா ஒரு வருஷம் காத்திருக்கணும்" என்றேன். ஊரெல்லாம் அப்ளிகேஷன் என்கிறது. எங்கள் இல்லத்தின் நிர்வாகக் குழுத் தலைவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அப்ளிகேஷன் என்று காதில் விழுந்தால் முகத்தைச் சுளிப்பார். அவருக்குப் பயந்து நாங்கள் எல்லாரும் விண்ணப்பம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். உலகத்தில் இல்லாத கேள்வியெல்லாம் கேட்கிறவள், அன்றைக்குத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு ஓடினாள்.

சனிக்கிழமை காலையில் விண்ணப்பக் கோப்பைத் திறந்தால் மூன்று தாள்கள்தான் இருந்தன.

"உங்கம்மா விண்ணப்பம் பண்ணலையா?"

"பண்ணியாச்சுக்கா. நானும் தினமும் பண்றேன்."

"எங்க பண்ணினீங்க?"

"ஜெப அறையிலதான். ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நானும் முழங்கால் போட்டுப் பண்ணோம். நீங்கதானேக்கா சாயந்திர ஜெபத்துல 'விண்ணப்பங்களை ஏறெடுப்போம்'னு சொல்லுவீங்க?"

இதில் அவளை எப்படித் திட்டுவது? அந்த வார்த்தைக்கு அவளுக்குத் தெரிந்த ஒரே அர்த்தத்தை எட்டு மாதமாகச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். ஒரு தாளை எடுத்துக்கொண்டு, அவளை ஸ்கூட்டரின் பின்னால் ஏற்றிக்கொண்டு, சூளைக்குப் பறந்தேன்.

அம்மாவுக்கு எழுதத் தெரியாது. "என் மகளே எழுதட்டுங்க" என்றாள். குரலில் அப்படி ஒரு பெருமை. அடுக்கிய கல்மேல் தாளை வைத்துக் கேள்வி ஒவ்வொரு கட்டமாக நிரப்பினாள். நான் சின்னவளின் கையைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தேன். அம்மா கட்டைவிரலில் மையைத் தடவி ரேகை வைத்தாள். எழுதியதைப் படித்துப் பார்க்க நேரமில்லை.

நான்கு மணிக்குக் குழு கூடியது. தலைவர், போதகர், செவிலியரம்மா, ஓரமாக நான். தலைவருக்கு எதையும் வாய்விட்டுப் படித்தால்தான் மனதில் ஏறும். முதல் மூன்றையும் படித்துக் கையெழுத்துப் போட்டார். நான்காவதை எடுத்ததும் நெற்றி சுருங்கியது.

"அக்கா ஏற்கெனவே இங்க இருக்கா. ஒரு வீட்டுக்கு ஒரு பிள்ளைங்கிறது நம்ம விதியாச்சே?"

கட்டில் காலியான சந்தோஷத்தில் அந்த விதியை நான் சுத்தமாக மறந்திருந்தேன்.

"முழுசாப் படிச்சிட்டுச் சொல்லுங்க ஐயா" என்றேன்.

அவர் ஏழாவது கட்டத்துக்கு வந்தார். "சேர்க்கை வேண்டுவதற்கான காரணம்" என்று படித்துவிட்டு ஒரு நொடி நிறுத்தினார். பிறகு அவர் குரல் தானாகத் தணிந்தது.

"எங்கள் பிதாவே, என் தங்கச்சிக்கு ஆறு வயது. சூளையில் பேச்சுத் துணைக்குக்கூட யாரும் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு இங்கே ஒரு கட்டில் தாரும். இல்லாவிட்டால் என் கட்டிலில் பாதி காலியாக இருக்கிறது. அதையாவது தாரும். வார்டன் அக்காவுக்குக் கோபம் குறையவும் கிருபை செய்யும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம் பிதாவே. ஆமென்."

"ஆமென்" என்றார் போதகர். "ஆமென்" என்றார் செவிலியரம்மா. இருவரும் எப்போது கண்ணை மூடினார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. படித்தவரே இன்னொரு தரம் "ஆமென்" என்றார். வாழ்நாள் பழக்கம், யாரை நோவது?

செவிலியரம்மாதான் முதலில் கண்ணைத் திறந்தார்.

"ஐயா, நீங்க தமிழ் வாத்தியார். ஆமென்னா என்னங்க அர்த்தம்?"

"அப்படியே ஆகட்டும்னு…" என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். போதகர் இருமுவது போல வாயைப் பொத்திக்கொண்டார். தலைவர் எங்கள் மூவரையும் ஒரு பார்வை பார்த்தார்.

"சொல்லிட்டோமே. இனி இல்லைனு எப்படிச் சொல்றது? விதியை அடுத்த கூட்டத்துல திருத்திக்கலாம்" என்று கையெழுத்துப் போட்டார்.

ஓடிப்போய்க் கேள்வியிடம் சொன்னேன். அவள் குதிக்கவில்லை. யோசித்தாள்.

"எந்த விண்ணப்பத்துக்குக்கா கிடைச்சது? பேப்பர்ல பண்ணதுக்கா, முழங்கால் போட்டுப் பண்ணதுக்கா?"

"போடி, போய்த் தங்கச்சி கட்டிலுக்கு விரிப்புப் போடு" என்று விரட்டினேன்.

திங்கட்கிழமை சின்னவள் வந்து சேர்ந்தாள். மறுநாள் காலை மணி அடித்துவிட்டு எழுப்பப் போனேன். தங்கை பக்கத்துக் கட்டிலில் குப்புறக் கிடந்தாள். கேள்வி தன் கட்டிலின் நட்டநடுவில், கையும் காலும் பரப்பிக்கொண்டு, அடித்த மணிகூடக் கேட்காமல் தூங்கிக்கொண்டிருந்தாள்.