கை நனைப்பதற்கு முன்

அந்த சி.டி.யை இரண்டாக ஒடித்து அடுப்பில் போட்டால்தான் மனசு ஆறும் போலிருந்தது ரங்காத்தாளுக்கு. பதினோரு நாளாக வீட்டில் அதே படம்தான். ஏதோ வெளிநாட்டுப் படம், தமிழில் பேச வைத்திருந்தார்கள். வெள்ளைக்காரன் ஒருத்தன் வாயைத் திறந்தால் மெட்ராஸ் பாஷை வந்தது. லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன் அவன். ஜோடி ஜோடியாகக் கையைப் பிடித்துக்கொண்டு ஹாலைச் சுற்றிச் சுற்றி ஆடுகிறார்களே, அந்த ஆட்டத்தைக் கற்றுக்கொள்ள அவனுக்கு ஆசை. கற்றுக்கொடுக்கிறவள் மேலும் ஆசை. இதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று ரங்காத்தாளுக்கு விளங்கவில்லை.

மகள் தரணி பார்த்தாள், சரி, வயசு அப்படி. கோயமுத்தூரில் படித்து முடித்துவிட்டு அப்பாவின் பனியன் கம்பெனியில் ஆர்டர் விஷயங்களைப் பார்த்துக்கொள்கிறாள். ஐம்பத்து மூன்று வயசு செங்கோட்டையனுக்கு என்ன வந்தது? லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அந்த லிஃப்ட்காரனின் ஷூ கழன்று பறந்து ஒரு பெரியவரின் சூப்புக் கிண்ணத்தில் விழும் இடம் வரும்போதெல்லாம் புதிதாகச் சிரித்தார். குளிக்கப் போகும்போது ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டு நடந்தார். கம்பெனிக்குப் போனால் அங்கேயும் அதே பேச்சு. செக்கிங்கில் சூப்பர்வைசராக இருக்கும் விஜயராணி சி.டி.யைக் கடன் வாங்கிப் போய் அவளுடைய லைன் வீட்டில் இருக்கிற அத்தனை பேருக்கும் போட்டுக் காட்டியிருந்தாள். சாத்தூர்ப் பக்கத்துக்காரி, லேசில் எதையும் மெச்சமாட்டாள்.

"அவன் கைய நீட்டிட்டு நிக்கான் பாருங்க, அந்த எடத்த மட்டும் பாத்தீகன்னா போதும்மா" என்றாள் அவள். "எங்க லைன்ல ஒருத்தி மிச்சமில்லாம அழுதாளுக."

"கை நீட்டறதுக்கு எதுக்கு அழுவோணும்?" என்றாள் ரங்காத்தாள். விஜயராணி பனியனை உதறி மடித்தாள்.

போதாக்குறைக்கு வீட்டுத் தரையில் காலடிகள் வேறு. படத்தில் அவன் காகிதத்தில் பாதம் வெட்டித் தரையில் ஒட்டி அதன்மேல் கால் வைத்துப் பழகுகிறானாம். அப்பாவும் மகளும் கட்டிங் டேபிளிலிருந்து பேட்டர்ன் அட்டையைக் கொண்டுவந்து, காலை வைத்து வரைந்து வெட்டி, சமையலறை வாசலிலிருந்து டி.வி. வரைக்கும் டேப் போட்டு ஒட்டிவிட்டார்கள். ஒன்பதாம் நம்பர்ச் செருப்பு அளவில் பதினாலு கால். துடைக்கும்போது மாப்பு ஒவ்வொன்றிலும் மாட்டியது.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருப்பாள். பொறுக்க முடியாதது வேறு. குன்னத்தூரிலிருந்து நல்ல இடம் வந்திருந்தது. பையன் நித்தீஷ், இன்ஜினியரிங் படித்துவிட்டு சொந்தமாக நிட்டிங் மெஷின் போட்டிருக்கிறான். போன மாதம் கோயிலில் வைத்துப் பெண்ணைப் பார்த்தார்கள், பிடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வந்து கை நனைத்துக்கொள்கிறோம் என்று பையனின் அம்மா வெள்ளையம்மாள் சொல்லி அனுப்பியிருந்தார். பெண் வீட்டில் காபி குடிக்கலாம், தண்ணீர் குடிக்கலாம், அதெல்லாம் கணக்கில்லை. இலை போட்டு உட்கார்ந்து கையை நனைத்துவிட்டால் முடிந்தது, அப்புறம் யாரும் பேச்சு மாறமுடியாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தோடு மகள் கல்யாணம் முடிவாகிவிடும் என்ற நினைப்பில் ரங்காத்தாள் நாலு நாளாக நிம்மதியாகத் தூங்கினாள்.

சனிக்கிழமை காலை தரணி வந்து நின்றாள்.

"அம்மா, அவரு எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கட்டுங்மா. அதுக்கப்புறம் எலை போடுங்."

"என்னத்தக் கேக்கறது?"

"இஷ்டமான்னு."

"ஜோசியகாரரக் கேட்டாச்சு. கோயல்ல பூக் கேட்டாச்சு, வெள்ளப் பூ வந்துது. உங்க மாமனக் கேட்டாச்சு. இன்னும் யாரக் கேக்கோணும்?"

"என்னைய" என்றாள் தரணி. குரலை உயர்த்தவில்லை. சொல்லிவிட்டுக் கம்பெனிக்குப் போய்விட்டாள்.

எல்லாம் அந்தப் படம் செய்த வேலை. ரங்காத்தாள் தலையிலடித்துக்கொண்டாள். மத்தியானம் வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து சி.டி.யைக் கையில் எடுத்தாள், ஒடிக்கத்தான். ஒடிப்பதற்கு முன்னால் அந்தக் கை நீட்டுகிற இடத்தை மட்டும் பார்த்துவிடலாம், நாளைக்கு மகளிடம் மல்லுக்கட்ட உதவும் என்று தோன்றியது.

ஒன்றேகால் மணி நேரம் பொறுத்த பிறகுதான் அந்த இடம் வந்தது. ஆட்டம் கற்றுக்கொடுக்கிறவளை முன்பு ஒருத்தன் போட்டி மேடையில் ஆடும்போது கைநழுவ விட்டுவிட்டான், இடுப்பில் அடி. அதிலிருந்து அவள் கற்றுக்கொடுப்பாளே தவிர யார் கையையும் பிடிக்கமாட்டாள். இந்த லிஃப்ட்காரன் எல்லோர் முன்னாலும் வந்து அவளெதிரே நின்றான். கையை நீட்டினான். ஒன்றும் பேசவில்லை, இழுக்கவுமில்லை. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவள் அந்தக் கையைப் பார்த்தாள்.

கரண்டு போய்விட்டது.

அந்த வருஷம் ஊரே கரண்டு இல்லாமல்தான் கிடந்தது. கம்பெனிக்கு ஜெனரேட்டர் உண்டு. வீட்டில் இன்வெர்ட்டர் இரண்டு ஃபேனுக்கும் மூன்று லைட்டுக்கும் மட்டும்தான். ரங்காத்தாள் கறுப்பு டி.வி.யின் எதிரே உட்கார்ந்திருந்தாள். பிடித்தாளா, இல்லையா? நாளைக்கு ஒப்புட்டுக்குப் பருப்பு ஊறப்போட வேண்டும், எழுந்து போகலாம். போகவில்லை. அவன் அங்கே கையை நீட்டிக்கொண்டு நிற்கிறானே என்றிருந்தது. இப்படி நினைத்த தன்மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது.

கணியூரில் அவளைக் கட்டிக்கொடுத்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயசு. புறக்கடையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் வந்து, "கை நனைச்சுட்டாங்க, போய் மூஞ்சியக் கழுவு" என்றான். அவ்வளவுதான் அவளுக்குச் சொன்னது. செங்கோட்டையன் கெட்டவர் இல்லை. அடித்ததில்லை, குடித்ததில்லை. காடு தோட்டத்தை விட்டுத் திருப்பூருக்கு வந்தபோதும், வீடு கட்டியபோதும், இன்னொரு பிள்ளை வேண்டாம் என்றபோதும் வந்து சொன்னார். சொல்வார், கேட்கமாட்டார். இருபத்தாறு வருஷத்தில் இது ஒரு குறையாகவே அவளுக்குத் தோன்றியதில்லை. தோன்றவைத்த அந்த வெள்ளைக்காரனை நாலு சாத்து சாத்தலாம் போல வந்தது.

இரண்டு மணி நேரம் கழித்துக் கரண்டு வந்தது. படம் முதலிலிருந்து ஆரம்பித்தது. ஓட்டிவிட எந்தப் பட்டனை அமுக்குவது என்று தெரியாமல் மறுபடியும் மொத்தத்தையும் பார்த்தாள். பாட்டு முடிகிறவரைக்கும் அவன் நின்றான். கூட்டம் சிரித்தது. வாத்தியக்காரர்கள் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டார்கள். அதற்கப்புறம்தான் அவள் கையைக் கொடுத்தாள். பாட்டே இல்லாமல் ஆடினார்கள். ரங்காத்தாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சி.டி.யை இருந்த இடத்திலேயே வைத்தாள். அதனால் ஒன்றும் மாறிவிடவில்லை, நாளைக்கு இலை போட்டே தீருவது என்றுதான் இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை குன்னத்தூரிலிருந்து வேனில் பதிமூன்று பேர் வந்தார்கள். விடிகாலையிலிருந்து சமையலில் இருந்த ரங்காத்தாள் தரையை மறந்துபோனாள். வெள்ளையம்மாள் உள்ளே வந்ததும் குனிந்து பார்த்தார்.

"இதென்னுங்க, அடி அடியா ஒட்டியிருக்குதுங்க?"

"கிருஷ்ண ஜெயந்திக்குப் போட்டதுங்க" என்றாள் ரங்காத்தாள்.

"கிருஷ்ணருக்கு இத்தாச்சோட்டுப் பெரிய காலுங்களா?"

செங்கோட்டையன் சிரிப்பை அடக்க மாடிக்குப் போய்விட்டார். ரங்காத்தாள் பல்லைக் கடித்துக்கொண்டு காபி கொடுத்தாள். பேச்சு நீளுவதற்குள் இலை போட்டாள். மகள் வாயைத் திறப்பதற்குள் காரியத்தை முடித்துவிட வேண்டும் என்று வேகவேகமாக ஒப்புட்டை வைத்துக்கொண்டு போனாள். பொரியல் வைத்தாயிற்று, அப்பளம் வைத்தாயிற்று. பையன் சட்டைக் கையை மடித்துவிட்டு இலைக்குக் கையைக் கொண்டுபோனான். அவன் தொட்டால்தான் மற்றவர்கள் தொடுவார்கள்.

சமையலறை வாசலில் தரணி நெய்ச் சொம்போடு நின்றாள். அவள் அவனைப் பார்க்கவில்லை, அம்மாவைத்தான் பார்த்தாள். அழவில்லை, கோபமும் இல்லை. போய் முகத்தைக் கழுவு என்று யாராவது சொல்வதற்காகக் காத்திருப்பதுபோல நின்றாள்.

"கொஞ்சம் பொறுங்க கண்ணு" என்றாள் ரங்காத்தாள். சொல்லிவிட்ட பிறகுதான் தான்தான் சொன்னோம் என்று தெரிந்தது.

பையனின் கை இலைக்கு மேலே நின்றது.

"எங்க பொண்ணு கிட்ட ஒரு வார்த்த கேட்டுப்போட்டு வந்து உக்காருங்க."

"எலையில உக்காந்தவன எந்திரிக்கச் சொல்றீங்களே" என்றார் வெள்ளையம்மாள். "இது எந்த ஊர்ப் பழக்கமுங்க?"

"கை நனையலீங்களே" என்றாள் ரங்காத்தாள். "நனைஞ்சுட்டா அப்பறம் கேட்டு என்னுங்க பிரயோசனம்?"

மாடியிலிருந்து இறங்கி வந்திருந்த செங்கோட்டையன் சோற்றுப் பாத்திரத்தோடு நின்ற இடத்திலேயே நின்றார். நித்தீஷ் அம்மாவைப் பார்த்தான், இலையைப் பார்த்தான், பிறகு எழுந்தான். சமையலறை வாசலுக்கு அவன் நடந்துபோனபோது கால்கள் அந்த அட்டைப் பாதங்களின் மேலேயே பட்டன. வேறு இடம் இல்லை.

"உங்களுக்கு இஷ்டந்தானுங்களா?" என்று கேட்டான். காது சிவந்திருந்தது.

சரி என்று சொல்லித் தொலைப்பாள் என்ற தைரியத்தில்தான் ரங்காத்தாள் கேட்கவே வைத்தாள்.

"தெரீலீங்க" என்றாள் தரணி. "உங்களப் பத்தி எனக்குத் தெரிஞ்சது ராசியும் நட்சத்திரமுந்தான். நாலு வாட்டி பேசிப் பாத்துட்டுச் சொல்றனுங்க."

"எத்தன நாளாகுங்க?"

"அதுவுந் தெரீலீங்க."

"செரீங்க. நீங்க சொல்ற வரைக்கும் நானு இருக்கறனுங்க" என்றான்.

மற்ற பன்னிரண்டு பேரும் இலையை விட்டு எழுந்துவிட்டார்கள். ரங்காத்தாளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. பெற்றவள் மானத்தை விட்டுக் கேட்க வைத்தால் இவளுக்கு நாள் கணக்குத் தெரியவில்லையாம். வெள்ளையம்மாள் முதல் ஆளாக வேனில் ஏறினார். எல்லோரும் ஏறிய பிறகு நித்தீஷ் மட்டும் திரும்பி வந்தான்.

"அத்தை, மோரு குடிச்சா கை நனைச்ச கணக்குல வராதுங்களே?"

"நின்னுட்டுக் குடிச்சா வராதுங்க" என்றாள் ரங்காத்தாள் வெடுக்கென்று. இரண்டு டம்ளர் குடித்தான். உள்ளே தரணி சிரிக்கும் சத்தம் கேட்டது. அவனுக்கும் கேட்டிருக்க வேண்டும், மூன்றாவது டம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனான்.

ஹாலில் பதிமூன்று இலையும் அப்படியே கிடந்தன. விடிகாலை மூன்று மணிக்கு எழுந்தவளுக்குக் கால் கடுத்தது. ஓர் இலையின் முன்னால் ரங்காத்தாள் தொப்பென்று உட்கார்ந்தாள். செங்கோட்டையன் திட்டப்போகிறார், திட்டட்டும், பதிலுக்கு நாலு விட வேண்டியதுதான் என்று தயாராக இருந்தாள். அவர் வந்தார். சோற்றுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அவள் எதிரே நின்றார். ஒரு கரண்டி அள்ளினார். போடப் போனவர் நிறுத்திக்கொண்டார்.

"போடட்டுமா?" என்று கேட்டார்.

ரங்காத்தாள் நிமிர்ந்து பார்த்தாள். பசி வயிற்றைக் கிள்ளியது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் சொல்லவில்லை. கரண்டியை நீட்டிக்கொண்டு அவர் நின்றார். கொஞ்ச நேரம் நிற்கட்டும் என்று இருந்தாள்.