பாதி மாத்திரை

கண்ணாயிரம் எதிராளி சொன்ன முதல் பேச்சை ஒப்புக்கொண்டதாகக் கச்சிராயபாளையத்தில் சரித்திரம் இல்லை. மாடு பிடித்தாலும் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தாலும் பாதியிலிருந்துதான் ஆரம்பிப்பார். அதனால் அவர் மனைவி கொளஞ்சியம்மாளின் மார்பில் இருப்பது புற்றுதான், இந்த வாரமே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று கள்ளக்குறிச்சி டாக்டர் சிவரஞ்சனி சொன்னபோதும் அவர் கலங்கவில்லை. பொங்கல் கழியட்டும் என்றார். ஆலையிலிருந்து கரும்புக்குக் கட்டிங் ஆர்டர் வருகிற நேரம், வெட்டாட்களுக்குச் சோறு பொங்க வீட்டில் ஆள் வேண்டும் என்றார்.

டாக்டர் மசியவில்லை. கட்டி இப்போது கொட்டைப்பாக்கு அளவு, அது பொங்கலுக்கெல்லாம் காத்திருக்காது என்றார்.

கண்ணாயிரம் செல்போனை நீட்டினார். கொழுப்புக்கான மாத்திரை மார்புப் புற்றின் செல்களை வளரவிடாது என்று அதில் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். ஒரு மாரடைப்பு வந்து போனதிலிருந்து கண்ணாயிரம் தினமும் விழுங்குகிற அதே மாத்திரை.

முழுப் பொய்யில்லை என்று டாக்டர் ஒப்புக்கொண்டது வினையாயிற்று. ஆய்வுக்கூடத்தில் வளர்த்த செல்கள் அந்த மருந்தில் மெதுவாக வளர்ந்திருக்கின்றன, மனித உடம்பில் எவ்வளவு உதவும் என்பது இன்னும் உறுதியாகவில்லை, ஆபரேஷனுக்குப் பதிலாக அது ஆகவே ஆகாது என்றெல்லாம் அவர் விளக்கினார். கண்ணாயிரம் 'பொய்யில்லை' வரைக்கும் கேட்டுவிட்டு எழுந்துவிட்டார். பேரம் படிந்த முகம்.

அன்றிரவு முதல் தன் மாத்திரையை இரண்டாக உடைத்தார்.

"என் உசுருல பாதிய உனக்குத் தரேன். எந்தப் புருஷன்டி தருவான்?"

தெருவிலும் இதைச் சொல்லிவைத்தார். ஆபரேஷனைத் தள்ளிப்போட வேணாம் என்று டாக்டரம்மா சொன்னார்களே என்று கொளஞ்சியம்மாள் ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"கரும்பு நிக்கிது. உனக்கு இன்னா அவசரம்?"

பொங்கல் போயிற்று, மாசி போயிற்று, ஆர்டர் வரவில்லை. பங்குனியில் அவளே தனியாக டவுன் பஸ் ஏறிப் போனாள். டாக்டர் ஸ்கேனைப் பார்த்தார். நோய் ஈரலுக்குப் போய்விட்டது, இனி அறுத்துப் பயனில்லை என்றார். அவள் வீட்டில் மூச்சு விடவில்லை.

மறுவாரம் ஆர்டர் வந்தது. கரியாலூர் மலையிலிருந்து வெட்டு மேஸ்திரி காத்தான் பத்து வெட்டாட்களோடு இறங்கினான். காலை பத்து மணிக்கு வரப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த கண்ணாயிரத்தை அவன்தான் தூக்கிவந்து வாசலில் கிடத்தினான். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"கார் சாவியக் குடுங்கம்மா, நான் ஓட்டுறேன். மொகம் வெளுத்துக்கினே போவுது."

"ஆளுங்களுக்குச் சோறு ஆவணும். சாயந்திரம் பாத்துக்கலாம்," என்றாள் கொளஞ்சியம்மாள்.

கண்ணாயிரம் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. அவள் அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி, நகத்தால் உடைத்து, ஒரு பாதியை அவர் நாக்கில் வைத்தாள்.

"கரும்பு நிக்கிது. உங்களுக்கு இன்னாங்க அவசரம்?"

மற்ற பாதியைத் தன் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். பிறகு உலையில் அரிசி போட உள்ளே போனாள். கார் சாவி அவள் முந்தானையில் முடிந்தபடியே இருந்தது.