முன்னூற்றுப் பத்தாம் பக்கத்துக்குப் பிறகு

எங்கள் ஆங்கிலத் துறைத் தலைவருக்கு மாணவர்கள் வைத்த பட்டப்பெயர் முன்னுரை. எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் முன்னுரையைத் தாண்டமாட்டார். அதை வைத்தே மூன்று மணி நேரம் பேசிவிடுவார். அன்று காலை அவர் எழுதிய புதுப் புத்தகம் ஆசிரியர் அறையில் ஆளுக்கொரு பிரதியாகக் கிடந்தது. பிற்பகல் இரண்டு மணிக்கு எனக்குப் பேராசிரியர் பதவிக்கான நேர்முகம். படபடப்பை மறக்கலாம் என்று அதைப் புரட்டினேன். நான்காம் அத்தியாயத்தில் நின்றுவிட்டேன்.

என் முனைவர் பட்ட ஆய்வேடு, அச்சு அசலாக. அங்கங்கே வாக்கியத்தின் தலையை வாலாக்கியிருந்தார், அவ்வளவுதான் அவருடைய உழைப்பு.

பழைய ஆங்கில நாவல்களில் வரும் வேலைக்காரப் பெண்கள்தான் என் ஆய்வு. எவள் எந்தப் பக்கத்தில் வந்தாள், என்ன பேசினாள், எங்கே காணாமல்போனாள் என்று இருபத்திரண்டு வருடமாக அட்டைகளில் குறித்து வைத்திருக்கிறேன். என் அக்கா மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்த்து என்னைப் படிக்கவைத்தவள். அதனால்தான் இந்த ஆய்வு என்று எந்தக் கருத்தரங்கிலும் சொன்னதில்லை. சொன்னால் எல்லாரும் உச்சுக்கொட்டுவார்கள், எனக்கு அது ஆகாது.

என் பெயரை நாலு பேருக்குத் தெரியவைத்தவள் ஒருத்திதான். அந்த நாவல்களில் ஒன்றில் மாடிப்படி துடைக்கிறவள். முன்னூற்றுப் பத்தாம் பக்கத்தில் வீட்டம்மாவிடம் அறை வாங்குகிறாள்; அதோடு சரி, நாவலில் அவளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த மௌனத்தைப் பற்றி எழுதித்தான் பட்டம், கட்டுரைகள், வேலை எல்லாம். முன்னுரையும் அதையே எழுதியிருந்தார், பக்க எண் உட்பட.

ஆத்திரத்துக்கு நடுவிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஏனென்றால் அது தப்பு.

நான் படித்த நூலகப் பிரதியில் கடைசிப் பதினாறு பக்கங்கள் இல்லை. பைண்டு செய்தவர் ஒரு கட்டுத் தாளைத் தைக்காமல் விட்டிருக்கிறார். கதை ஒரு கல்யாணத்தில் நின்றதால் முடிந்துவிட்டது என்று நம்பிவிட்டேன். மறுபதிப்பு வராத நாவல், சரிபார்க்க வேறு பிரதி இல்லை. அந்த ஒன்றும் நான் பட்டம் வாங்கிய மறுவருடமே மழைத்தண்ணீரில் கூழாகிப்போனது. எட்டு வருடத்துக்கு முன் ஒரு பழைய புத்தகக் கடையில் முழுப் பிரதி கிடைத்தது. படித்தேன். வெளியே சொன்னால் என் வாழ்நாள் வேலையே ஆட்டம் கண்டுவிடும் என்று பீரோவில் துணிக்கு அடியில் வைத்துப் பூட்டினேன்.

மதியம் வீட்டுக்கு ஓடினேன்.

"இன்டர்வியூவ வச்சுக்கிட்டு எங்கடி ஓடி வர்றே?" என்றாள் அக்கா. பீரோவைத் திறந்து புத்தகத்தை எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

நேர்முக அறையில் முதல்வர், வெளியூரிலிருந்து வந்த நிபுணர் அம்மா, முன்னுரை. என் விண்ணப்பத்தில் 'ஆய்வு ஆர்வங்கள்' என்ற இடத்தை முன்னுரை விரலால் தட்டினார்.

"மேடம் எழுதினதும் என் புத்தகமும் ஒரே மாதிரி இருக்குன்னு பேச்சு வரலாம். அந்த நாவலப் படிச்சவங்க யாரா இருந்தாலும் அந்த முடிவுக்குத்தான் வருவாங்க. நான் போன வருஷம் வரிவரியா ரெண்டு தடவ படிச்சேன்."

"கடைசி வரைக்குமா சார்?" என்றேன்.

"கடைசி வரி வரைக்கும்."

"எப்படி முடியுது?"

"கல்யாணத்துல."

புத்தகத்தை நிபுணர் அம்மாவின் முன்னால் வைத்தேன். அவர் கடைசிப் பக்கங்களை நிதானமாகப் படித்தார். முன்னுரை தண்ணீர் டம்ளரைக் கையில் எடுத்தார், குடிக்கவில்லை.

"இதுல அந்தப் பொண்ணு திரும்பி வர்றாளே," என்றார் அந்த அம்மா. பிறகு என்னைப் பார்த்தார். "அப்போ உங்க ஆய்வேடும்..."

"தப்புதான் மேடம். அரைகுறைப் பிரதிய நம்பி நான் பண்ணின தப்பு. அந்தப் பிரதியும் மழையில கூழாகிப் பல வருஷமாச்சு. நாவலப் படிச்ச யாருக்கும் அந்தத் தப்பு வராது. என் ஆய்வேட்டப் படிச்சவங்களுக்குத்தான் வரும். இவரு என் தப்பக்கூட விட்டுவைக்கல!"

கடைசி வார்த்தை கத்தலாகவே வந்தது. முதல்வர் தொண்டையைச் செருமினார். பதவி நிறுத்திவைப்பு, இரண்டு பேர் மீதும் விசாரணை என்றார். இரண்டு பேர் மீதும்! முன்னுரையும் நானும் ஒரே கோப்பில்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். முன்னுரையைத் திட்டித் தீர்த்தேன். அந்தப் படி துடைக்கிறவள் அக்காவுக்குச் சொந்தக்காரி மாதிரி. 'பாவம், அவள அடிச்சு எங்க துரத்தினாங்களோ' என்று வருடக்கணக்காகக் கேட்டவள்.

"அவ திரும்பி வர்றாளா?" என்றாள் கடைசியில்.

"வர்றா. வேற வீட்டுல வேலைக்குச் சேர நன்னடத்தைக் கடிதம் கேக்கறா. குடுக்கறாங்க. விருந்தாளிங்க முன்னாடி அதச் சத்தமாப் படிச்சு, கிழிச்சுப் போட்டுட்டு முன்வாசல் வழியாப் போறா."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"எட்டு வருஷமா."

அக்காவின் முகம் சிவந்தது. அவள் என்மேல் அப்படிக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

"அந்த ஆளு திருடன், சரி. நீ என்னடி பண்ணினே? அவ கிழிச்சுப் போட்டுட்டு வெளிய போயிட்டா. நீ அவளப் புடிச்சு உன் துணிக்கு அடியில அமுக்கி வச்சிருக்கே. உன் வேலைக்காக."

பையிலிருந்து புத்தகத்தை எடுத்தேன்.

"உக்காரு. அந்தப் பதினாறு பக்கத்தையும் படிச்சுச் சொல்லு," என்றாள்.

வரிவரியாகத் தமிழில் சொன்னேன். அந்த முன்வாசல் இடம் வந்ததும், "இன்னொரு தடவ சொல்லு" என்றாள். சொன்னேன். புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அதன் பிறகு அன்று முழுக்க என் முகத்தைப் பார்க்கவில்லை.