கூடுதலாக வந்த முந்நூறு

கோடைப் பள்ளி என்றதும் பிள்ளைகள் நீச்சல் பழகும் இடம் என்று நினைத்துவிட வேண்டாம். இங்கே வந்திருந்த நாற்பது பேரில் பாதிப் பேருக்கு நரை தட்டியிருந்தது. மூன்று பேருக்குத் தட்டுவதற்கு முடியே இல்லை. பல நாட்டு மத்திய வங்கிகளும் புள்ளிவிவர அலுவலகங்களும் அனுப்பிவைத்த ஆட்கள். உலகத்தின் நாணய, நிதி அமைப்பு முழுவதையும் இரண்டே வாரத்தில் கரைத்துக் குடித்துவிட்டு ஊர் திரும்ப வேண்டும் என்பது ஏற்பாடு.

நம்முடைய ஆள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தெட்டு வயது. தன் நாட்டு மத்திய வங்கியில் வேலை. வெளிநாட்டிலிருந்து வருகிற பணத்தையும் வெளிநாட்டுக்குப் போகிற பணத்தையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட்டிப் பார்ப்பாள். முதல் நாள் ஒரே வகுப்பில் பதினோரு தடவை 'ஏன்' கேட்டுவிட்டாள். மத்தியானத்துக்குள் 'ஏன் மேடம்' என்று பெயர் விழுந்துவிட்டது. அதற்கும் அவள், "ஏன் அப்படிக் கூப்பிடறீங்க?" என்று கேட்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவள் வாய் திறக்காத விஷயம் ஒன்று உண்டு. அவளுடைய அக்கா இதே நகரத்தில்தான் இருந்தாள். ஆறு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அப்பா இறந்தபோது அக்கா வரவில்லை. "அப்பா போனதுக்கே வராதவ எனக்கு எதுக்கு? இனிமே போன் பண்ணாதே" என்று இவள் போனில் கத்தினாள். சொன்ன சொல் தட்டாமல் அக்காவும் போன் பண்ணவில்லை. தம்பியும் இங்கேதான், ஒரு டயர் கிடங்கில் வேலை பார்க்கிறான். பெரியக்காவின் விலாசத்தை அவன் அனுப்பியிருந்தான். "நான் படிக்க வந்திருக்கேன், யாரையும் பார்க்க வரலை" என்று கறாராகச் சொல்லிவிட்டாள். ஆனால் விலாசத்தை அழிக்கவும் இல்லை.

நான்காம் நாள் பேராசிரியை ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். ஒரு நாடு விற்பது இன்னொரு நாடு வாங்குவதுதான். ஒருவர் அனுப்புவது இன்னொருவருக்கு வருவதுதான். ஆகவே உலகத்தின் எல்லாக் கணக்கையும் கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும். வருவதில்லை. ஒருநாளும் வந்ததில்லை.

"உலகம் முழுக்கச் சேர்த்தா, வாங்கினதைவிட வித்தது அதிகம்னு கணக்கு சொல்லுது" என்றார்.

"அப்ப அந்த அதிகத்தை வாங்கினது யாரு மேடம்?" என்று மூன்றாவது வரிசையிலிருந்து குரல் வந்தது. வகுப்பே சிரித்தது. பேராசிரியை சிரிக்கவில்லை. "நல்ல கேள்வி. எனக்கும் தெரியாது. தெரியாததையெல்லாம் ஒரு வரியில போட்டு மூடி வைக்கிறோம்" என்றார்.

அந்த வரியோடுதான் ஏன் மேடம் பன்னிரண்டு வருடமாகக் குடித்தனம் நடத்துகிறாள். 'பிழைகளும் விடுபடல்களும்' என்று அதற்குப் பெயர். இரண்டு பக்கமும் ஒத்துவராதபோது கடைசியில் அதைப் போட்டுச் சரிக்கட்டுவார்கள். அவளுக்கு அது கண்ணில் விழுந்த தூசி மாதிரி. மற்றவர்கள் கசக்கிவிட்டுப் போய்விடுவார்கள், இவளால் முடியாது.

அடுத்த நாள் இரண்டிரண்டு நாடாக ஜோடி சேர்த்தார்கள். இவளுக்கு வாய்த்த ஜோடி, பள்ளி நடக்கிற இதே நாட்டின் புள்ளிவிவர அலுவலகத்துக்காரர். நல்ல மனிதர்தான். ஆனால் எதைக் கேட்டாலும் "தோராயமா" என்று ஆரம்பிப்பார். சாப்பாட்டு நேரம்கூட அவருக்குத் தோராயமாக ஒரு மணி. வகுப்பு சும்மா விடுமா? 'தோராயம்' என்று பட்டம் கட்டிவிட்டது.

இருவரும் நோட்டை விரித்தார்கள். இங்கே வேலை செய்கிற இவள் நாட்டுக்காரர்கள் போன வருடம் வீட்டுக்கு அனுப்பியது, தோராயத்தின் கணக்குப்படி அறுபது கோடி. வந்து சேர்ந்தது, இவள் கணக்குப்படி தொண்ணூறு கோடி.

"சார், அறுபது புறப்படுது, தொண்ணூறு வந்து சேருது. வழியில குட்டி போடுதா?"

தோராயம் பேனாவால் காதைச் சொறிந்தார். "ஒண்ணு பண்ணலாம். நான் எழுபத்தஞ்சுன்னு போடறேன், நீங்களும் எழுபத்தஞ்சுன்னு போடுங்க. தோராயமா சரியாயிடும்."

அவள் பார்த்த பார்வையில் மனிதர் நோட்டை மூடிவிட்டார். அவருடைய அறுபது, பதிவு பெற்ற தொழிலாளர்கள் வங்கி வழியாக அனுப்பியது மட்டும். இவளுடைய தொண்ணூறில், பணம் மாற்றுகிற கடைகளுக்கு ஜனங்கள் கையில் கொண்டுவந்த நோட்டும் சேர்த்தி. அப்படியானால் அந்த முப்பதைக் கையில் கொடுத்தனுப்புவது யார்? ஏன்? சனி, ஞாயிறில் பத்துத் தொழிலாளர்களைப் பார்த்துக் கேட்டு வாருங்கள் என்று பேராசிரியை ஒரு படிவம் கொடுத்தார். பன்னிரண்டு கேள்விகள். பெயர் கிடையாது, வேலை செய்யும் இடம் கிடையாது.

சனிக்கிழமை முதல் படிவத்துக்குத் தம்பியையே பிடித்தாள். கிடங்குக்குப் பின்னால் இரண்டு பேர் தங்குகிற அறை. இரண்டு கட்டில், ஒரு நாற்காலி, கொடியில் காயும் சட்டைகள். துவைத்த சட்டையிலும் ரப்பர் வாடை போகவில்லை.

"சம்பளம்?"

"என்ன சின்னக்கா, வேலைக்கு ஆள் எடுக்கறியா? ஆயிரத்து நூறு."

"வாடகை?"

"என் பங்கு நானூறு. சாப்பாடு, பஸ் எல்லாம் சேத்து இருநூறு."

"வீட்டுக்கு?"

"மிச்சம் ஐந்நூறு" என்றான் தம்பி, யோசிக்காமல்.

பேனா நின்றது. ஊரில் அம்மாவோடு இருப்பவள் அவள்தான். லீவில் வருகிற யாராவது கொண்டுவந்து கொடுக்கும் உறையைப் பிரித்து எண்ணுபவளும் அவள்தான். போன மாதம் எண்ணூறு இருந்தது. அதற்கு முந்தின மாதமும் எண்ணூறு.

"கொண்டுவர்றவர் கமிஷன் எடுத்தா குறையணும். இது எப்படிடா கூடுது?"

தம்பி திருதிருவென்று விழித்தான். அவள் நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டாள். "எதாவது தப்பு வழியில போறியா?"

"சீச்சீ, அதெல்லாம் இல்ல."

"அப்ப அந்த முந்நூறு யாரோடது?"

சுவரைப் பார்த்தபடி சொன்னான். "பெரியக்காவோடது. ஆறு வருஷமா. சொன்னா நீ உறையவே தொடமாட்டேன்னு பயம். அதனால ரெண்டையும் ஒண்ணாப் போட்டு அனுப்பறேன்."

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. "பணம் அனுப்பத் தெரிஞ்சவளுக்கு அப்பா போனப்ப வரத் தெரியலையா?"

"அவகிட்ட பேப்பர் இல்ல சின்னக்கா. கூட்டிட்டு வந்த ஏஜென்ட் விசாவைப் புதுப்பிக்காம கம்பி நீட்டிட்டான். இந்த நாட்டை விட்டு வெளிய போனா திரும்ப உள்ள வர முடியாது. அப்பாவோட ஆஸ்பத்திரிக் கடன் அவ சம்பளத்துலதான் அடைஞ்சுட்டு இருந்துச்சு."

"எனக்கு ஏன்டா சொல்லலே?"

"எல்லாத்துக்கும் ஏன் ஏன்னு கேக்கறவ நீ. அன்னிக்கு அவகிட்ட கேட்டியா?"

கேட்கவில்லை. நான்கு நிமிடம் மூச்சுவிடாமல் பேசினாளே தவிர, ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. உலகத்தின் கணக்கையெல்லாம் தோண்டித் துருவுகிற மூளை சொந்த அக்கா விஷயத்தில் அவ்வளவு சோம்பலாக இருந்திருக்கிறது. அதற்கு ஆறு வருடமாகக் கோபம் என்று மரியாதையாகப் பெயர் வைத்திருந்தாள். அவளுக்கே தன்மேல் வெறுப்பாக இருந்தது.

விடுதிக்குத் திரும்பும் பஸ்ஸில் மற்றதும் விளங்கியது. பேப்பர் இல்லாதவர்கள் வங்கிக் கணக்குத் திறக்க முடியாது. தோராயத்தின் அறுபதில் அக்கா இல்லை. இவளுடைய தொண்ணூறில் அக்காவின் முந்நூறு இருந்தது, ஆனால் அக்கா இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை விலாசத்தைத் திறந்தாள். ஹோட்டல் விரிப்புகளைத் துவைத்துக் கொடுக்கிற ஒரு கம்பெனியின் கீழ்த்தளம். உள்ளே நுழைந்ததும் நீராவி முகத்தில் அடித்தது. இரண்டிரண்டு பெண்களாக நின்று ஈர விரிப்பின் முனைகளைப் பிடித்து, சூடான உருளைக்குள் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மேற்பார்வையாளர் கடிகாரத்தைக் காட்டிப் பத்து நிமிடம் என்றார்.

அக்கா தள்ளுவண்டிகளுக்கு நடுவே வந்து நின்றாள். இளைத்திருந்தாள். முன்னங்கையில் உருளை சுட்ட தழும்பு. தங்கையைப் பார்த்துத் திகைத்தவள், நேற்று விட்ட பேச்சைத் தொடர்கிற மாதிரி கேட்டாள்: "அம்மாவுக்குக் கண்ணு இப்ப எப்படி இருக்கு? ஆபரேஷன் நல்லபடியா ஆச்சாமே."

"அன்னிக்கு நான் பேசினது தப்புக்கா" என்றாள் இவள். வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த மற்ற வாக்கியங்கள் காலை வாரிவிட்டன. அழுகைதான் வந்தது. அக்கா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, வண்டியிலிருந்து ஹோட்டலின் தலையணை உறை ஒன்றை எடுத்து நீட்டினாள். "தொடைச்சுக்கோ. மறுபடி துவைக்கத்தானே போறோம்."

இவள் அழுகையோடு சிரித்தாள். கையிலிருந்த படிவத்தை அப்போதுதான் அக்கா கவனித்தாள். "அது என்ன பேப்பர்?"

அறுபது, தொண்ணூறு, நடுவில் யாருக்கும் தெரியாத முப்பது, எல்லாவற்றையும் சொன்னாள். அக்கா வாயைப் பிளந்து கேட்டாள். "அப்ப நான் அந்த முப்பதுலயா இருக்கேன்? என்னை மாதிரி அவ்வளவு பேரா? சரி, கேளு. எழுதிக்கோ."

"வேண்டாம்க்கா. இதை என்கூடச் சேர்ந்து பார்க்கப் போறவர் இந்த ஊர் அரசாங்க ஆளு."

"பேர் கேக்குதா?"

"இல்ல."

"எங்க வேலை செய்யறேன்னு?"

"அதுவும் இல்ல."

"அப்புறம் என்ன? ஆறு வருஷமா எந்தப் பேப்பர்லயும் நான் இல்ல. ஒண்ணுலயாவது இருந்துட்டுப் போறேன்."

கேட்டாள். அக்கா ஒவ்வொன்றாகச் சொன்னாள். மாதம் முந்நூறு. தம்பி மூலமாக. கையில். அம்மாவுக்கு. பதினோராவது கேள்வி: பணம் அனுப்புவது யார் என்று பெறுபவருக்குத் தெரியுமா?

"தெரியாதுன்னு எழுது" என்றாள் அக்கா. குரல் இறங்கியிருந்தது. "அவங்களுக்குத் தெரியவே வேண்டாம்."

மற்றவர்களாயிருந்தால் எழுதியிருப்பார்கள். இவள் பிடித்த பிடியை விடுகிற ஜாதியா? "பெறுபவர் பதிலை அனுப்பறவகிட்ட கேட்டு எழுதக் கூடாதுக்கா" என்று சொல்லி, அக்கா தடுப்பதற்குள் ஸ்பீக்கரில் அம்மாவுக்குப் போன் போட்டுவிட்டாள்.

"அம்மா, ஒரு கேள்வி. மாசாமாசம் உறையில வர்ற பணம் யாரோடது?"

"இது என்ன கேள்வி? ஐந்நூறு தம்பியோடது. முந்நூறு பெரியவளோடது."

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"போன வருஷம் அவன் கிடங்கை ரெண்டு மாசம் மூடிட்டாங்களே, உறை கொண்டுவந்த ஆளே சொன்னாரு. அந்த ரெண்டு மாசமும் முந்நூறு வந்துச்சு. வேலையில்லாதவன் எங்கிருந்து அனுப்புவான்? நீயும்தானே எண்ணினே!"

"என்கிட்ட ஏம்மா சொல்லலே?"

"அவ பேரை எடுக்கக் கூடாதுன்னு சொன்னது யாரு? எடுத்தா நீ கத்துவே, அவளை நினைச்சு நான் அழுவேன். எண்ணி வாங்கி வச்சுக்கிட்டா, இந்த மாசமும் நல்லா இருக்கான்னு தெரிஞ்சுக்குவேன்."

தள்ளுவண்டியைப் பிடித்தபடி அக்கா வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி, பக்கத்துலதானே நிக்கறா?" என்றாள் அம்மா. "போனை அவகிட்ட குடு."

கொடுத்தாள். பதினோராவது கேள்விக்கு எதிரே 'தெரியும்' என்று எழுதினாள்.