குளவிக் கட்டு

“ஒரே ஒரு கார்டை வெளியே எடுன்னு சொன்னா, எதைடி எடுப்பே?” என்று அம்மா ஒருமுறை கேட்டிருந்தாள். இன்று யாரும் கேட்காமலே சின்னவள், அம்மா விளையாடும் கார்டுக் கட்டிலிருந்து டிராகன்களை எல்லாம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

கட்டிலில் சாய்ந்திருந்த அம்மா பார்த்துவிட்டாள்.

“ஏய், அதெல்லாம் என் புள்ளைங்கடி.”

“உன் புள்ளைங்க சுத்த சோம்பேறிம்மா. எழுந்து வர்றதுக்கே ஏழு விளக்கு ஏத்தணும்.”

ஒரு சுற்றுக்கு ஒரு விளக்குக் கார்டுதான் வைக்கலாம். விளக்குகள் சேரச் சேரத்தான் பெரிய மிருகங்களை இறக்க முடியும். டிராகனுக்கு ஏழாவது சுற்றுவரை காத்திருக்க வேண்டும். காலையில் வந்த நர்ஸ் வாசலில் செருப்பைத் தேடியபடி, “இன்னிக்குத் தாண்டினாலே பெருசு” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அம்மாவால் ஏழு சுற்று உட்கார முடியாது.

டிராகன்கள் இருந்த இடத்தில் சின்னவள் குளவிகளை அடுக்கினாள். ஒரு விளக்கு போதும், பறந்துவிடும்.

“இதுங்களா? நசுக்கினா செத்துடும்.”

“நசுக்கறதுக்குள்ள கொட்டிடும்.”

அம்மா சிரித்தாள். இருமல் வந்து அடங்கியது. “சரி, அவன் மூக்குல கொட்டட்டும்.”

அவன் என்றால் மாமா, அம்மாவின் தம்பி. எலக்ட்ரீஷியன். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வீட்டில் முடங்கிக்கிடந்த சின்னவளுக்குப் பொழுது போகட்டும் என்று அந்தக் கார்டுப் பெட்டியை வாங்கிவந்தவர் அவர்தான். ஆனால் பிடித்துக்கொண்டது அம்மா. சின்னவள் கார்டுக் கட்டைச் சேர்த்துக் கொடுப்பாள். பஸ்ஸில் டிக்கெட் கிழித்துப் பழகிய விரல்களால் அம்மா கலைத்து ஆடுவாள். தோற்பாள். மாமாவை அவள் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை.

மதியம் மாமா சட்டைப்பையில் டெஸ்டரோடு வந்து உட்கார்ந்தார்.

“டேய், பாவம் பார்த்து விட்டுக்கொடுத்தே, செத்தாலும் உன்னைச் சும்மா விடமாட்டேன்.”

“உனக்கா? பஸ்ல ஜன்னலோரத்தையே விட்டுக்கொடுக்காதவன்க்கா நான்.”

முதல் சுற்றிலேயே ஒரு குளவி பறந்தது. அடுத்ததில் இரண்டு.

“என்னக்கா, கொசுத்தொல்லையா இருக்கு? உன் டிராகன்லாம் எங்க?”

“ஊருக்குப் போயிருக்குங்க.”

மாமா ஒரு நாயை மட்டும் இறக்கினார். குளவிகள் அதற்கு மேலாகப் பறந்து போயின. நான்காவது சுற்றில் அம்மாவின் கை எழவில்லை. கண்ணால் காட்டினாள். சின்னவள் அந்தக் கார்டை எடுத்து வைத்தாள். கலைந்த கூடு. எல்லாக் குளவிகளுக்கும் கொடுக்கு இரட்டிப்பு.

“எல்லாம் போங்கடி,” என்றாள் அம்மா.

ஒரு கல்சுவரை வைத்தால் தடுத்துவிடலாம். மாமாவின் கார்டுக் கட்டில் அது எப்போதும் இருக்கும். அவர் கையிலிருந்த கார்டுகளை நெடுநேரம் பார்த்தார். பிறகு மேசையில் கவிழ்த்து வைத்தார்.

“தோத்துட்டேன்க்கா.”

“நெசமாவா?”

“ஆமாக்கா.”

அம்மா அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு சின்னவளிடம், “இன்னும் ரெண்டு குளவி சேர்க்கலாம்டி,” என்று சொல்லிக் கண்ணை மூடினாள். அந்தத் தூக்கத்திலேயே, ஜன்னல் வெயில் சுவரை விட்டு இறங்குவதற்குள், மூச்சு நின்றுபோனது. முகம் அப்படியேதான் இருந்தது, இப்போதுதான் ஏதோ சொல்லி முடித்தவள் போல.

மாமா வெளியே நின்று ஒவ்வொருவருக்காகப் போன் செய்தார். சின்னவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மேசையைப் பார்த்தாள். கவிழ்ந்த கார்டுகள் அங்கேயே கிடந்தன. கையை நீட்டினாள். தொடாமலே இழுத்துக்கொண்டாள். சுவர் இருந்துவிட்டால்?

மாமா உள்ளே வந்தார்.

“மாமா,” என்றாள். “மாமா, கையில சுவர் இருந்துச்சா?”

அவர் குனிந்தார். ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தார். டிராகன் வேடன். டிராகன் வேடன். டிராகனைப் பிடிக்கும் வலை. இன்னொரு வேடன். அக்காவின் டிராகன்களை மடக்கவென்றே சுவர்களை எடுத்துவிட்டு இவற்றைச் சேர்த்துக்கொண்டு வந்திருக்கிறார். குளவிக்கு எதிராக ஒன்றுகூடக் கையில் இல்லை.

சின்னவள் அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

மாமா கார்டுகளை அப்படியே திறந்தபடி விட்டுவிட்டு, மூக்கை ஒருமுறை தேய்த்துக்கொண்டு, படியிறங்கிப் போனார்.