அந்தப் பேருக்கு ஆள் இருக்கு

என் பெயர் ஊல்போல்சுன். எங்கள் கிர்கிஸ் பேச்சில் அதற்கு 'மகனாகட்டும்' என்று அர்த்தம். வரிசையாகப் பெண்ணே பிறந்த வீட்டில், அடுத்ததாவது ஆணாக வரட்டும் என்று கடைசிப் பெண்ணின் தலையில் கட்டுகிற பெயர். அறிமுகமாகும்போது யாரும் "நல்ல பேரு" என்று சொன்னதில்லை. "பலிச்சுதா?" என்றுதான் கேட்பார்கள். பலித்தது, எனக்குப் பின்னால் தம்பி பிறந்தான். அதைக் கேட்டதும் அவர்கள் முகத்தில் ஒரு திருப்தி வரும் பாருங்கள், அந்த முகங்களையெல்லாம் படம் எடுத்து வைத்திருந்தால் இந்நேரம் கண்காட்சியே நடத்தியிருப்பேன்.

செல்லமாகக் கூப்பிடுகிறவர்கள் 'ஊல்' என்பார்கள். ஊல் என்றால் மகன். செல்லம் கொஞ்சினால்கூட அவன்தான் முன்னால் வந்து நிற்கிறான்.

அந்த வருஷம் நான் கரகோல் நகரத்தில் புகைப்படம் படித்துக்கொண்டிருந்தேன். பாடம் நடத்தியவள் பதிகுல் அக்கா, உய்குர்காரி, என்னைவிட ஆறேழு வயதுதான் மூத்தவள். கட்டிலை விட்டு எழுந்திருக்காமலே காலையில் போனில் ஒரே ஒரு வார்த்தை அனுப்புவாள். "முதுகு." அல்லது "உருண்டை." சாயங்காலத்துக்குள் நாங்கள் ஆளுக்கு ஒரு படம் கொடுக்க வேண்டும். 'முதுகு' வந்த அன்றைக்கு நான் சந்தைக்குப் போய் வளைத்து வளைத்து எடுத்துக்கொண்டு வந்தேன். அவள் பார்த்துவிட்டு, "எல்லாம் கோட்டுதான் இருக்கு, முதுகு எங்க?" என்றாள். மறுநாள் மாவு மூட்டை இறக்குகிற ஒருவர் பக்கத்திலேயே நின்றேன். வேர்த்து, அவர் கோட்டைக் கழற்றும் வரைக்கும் நின்றேன். காத்திருப்பது என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

'ஈரம்' என்று வந்த நாளில் குளிர்ந்த நூடுல்ஸ் விற்கும் அம்மாவின் கைகளைக் கேட்காமல் எடுத்துவிட்டேன். "ஏன்டி, கைய மட்டும் புடிச்சிட்டு ஓடுற? என் மூஞ்சிக்கு என்ன கொறச்சல்?" என்று கரண்டியோடு துரத்தினாள். கேட்டுவிட்டு எடுக்க வேண்டும் என்பதும் அப்படித்தான் மண்டையில் ஏறியது.

பதிகுல் அக்காவோடு எனக்கு ஒரே ஒரு விஷயத்தில்தான் ஒத்துப்போகவில்லை. "படம் எடுக்கறவ அங்க இல்லாத மாதிரி இருக்கணும். மூச்சு விடறதுகூடத் தெரியக் கூடாது" என்பாள்.

"நான் என்ன சுவரா?"

"சுவரா இரு. படம் தானா வரும்."

பிறந்ததிலிருந்து இல்லாத மாதிரிதான் இருக்கிறேன், இதை வேறு பாடம் படிக்க வேண்டுமா என்று எனக்கு எரிச்சலாக வரும்.

ஏப்ரல் மாதம், தெருவெல்லாம் சேறு. என் அக்கா அசில்கானுக்குக் குழந்தை பிறந்தது. நாலாவது பெண். பிறப்பு விருந்துக்கு என்னைக் கூட்டிப்போக அவள் கணவர் எர்மெக் அத்தான் வேனோடு வந்தார். கரகோலுக்கும் ஊருக்கும் பயணிகளை ஏற்றிப் போகிற வேன் அது.

"ஏ கொழுந்தியா, ஊர்ல இருக்கற மூட்டைமுடிச்செல்லாம் எடுக்கற, என் வண்டிய எப்ப எடுக்கப் போற?"

"ஓடுற வண்டியாப் பாத்துதான் எடுப்பேன் அத்தான்."

வழக்கமாக இதற்கு அவர் மூன்று பதில் வைத்திருப்பார். அன்றைக்குச் சிரித்ததோடு சரி. ஊர் நெருங்கும்போதுதான் சாலையைப் பார்த்தபடி சொன்னார். "எங்கப்பா பிள்ளைக்குப் பேரு முடிவு பண்ணிட்டாரு. நாளைக்குப் பள்ளிவாசல் மொல்தோ வந்து காதுல ஓதிருவாரு. கேட்டா சந்தோஷப்படுவ."

"என்ன பேரு?"

"உன் பேருதான்."

அவர் திரும்பிப் பார்த்தார். "உங்க வீட்ல பலிச்சுது இல்ல?" என்றார், மன்னிப்புக் கேட்பதைப் போல.

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுக்கும்போது ஒவ்வொரு புது ஆசிரியரும் என் பெயரில் வந்து ஒரு நிமிஷம் நின்று சிரிப்பார். அதுகூடப் பரவாயில்லை. தம்பி பிறந்த அன்றே என் பெயருக்கு வேலை முடிந்துவிட்டது. வேலை முடிந்த ஒரு பெயரை நான் ஆயுசுக்கும் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். அதையே இன்னொருத்தியின் தலையில், அதுவும் என் அக்கா பெண்ணின் தலையில், எனக்குச் செய்கிற மரியாதை என்று சொல்லிக் கட்டப் போகிறார்கள்.

வீட்டில் விருந்து நடந்துகொண்டிருந்தது. வெண்ணெய், தேன், மலையாய்ப் பொரித்துக் குவித்த போர்சோக் ரொட்டித் துண்டுகள். அறையின் மூலையில் திரை கட்டி அக்காவும் குழந்தையும் உள்ளே இருந்தார்கள். எங்கள் பக்கத்தில் புதிதாக வந்த எதையும் வெறும் கையோடு பார்க்க மாட்டார்கள், மணப்பெண்ணானாலும் கைக்குழந்தையானாலும் சரி. முதல் பார்வைக்கு ஏதாவது கொடுக்க வேண்டும். அதற்குப் பெயர் கொரும்துக். மூத்தவள் பிறந்தபோது அக்காவின் தலையணை தெரியாத அளவுக்குத் துணிகள் குவிந்து கிடந்தன. இந்த முறை வந்தவர்கள் யாரும் திரையைத் தொடவில்லை. அடுத்த வீட்டுக்காரி மட்டும் திரைக்கு இந்தப் பக்கம் நின்று, "தூங்குதா? தூங்கட்டும், எழுப்ப வேணாம்" என்றாள், வெண்ணெய்க் கிண்ணத்தை இழுத்துக்கொண்டே.

நான் உள்ளே போனேன். அக்கா என்னைப் பார்த்து, "யாரும் பாக்கல, ஊல்" என்றாள். அதை ஏதோ உப்பு தீர்ந்துபோன விஷயம் மாதிரி சொன்னாள்.

"நீ ஒரு பேரு நெனச்சு வச்சிருப்பியே?"

"வச்சிருக்கேன்."

"சொல்லேன்."

"சொல்லி என்ன ஆகப் போகுது? இந்த வீட்ல நான் மருமக."

நான் கழுத்தில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துத் தலையணையில் வைத்தேன். பிறகுதான் குழந்தையின் முகத்தைப் பார்த்தேன். அன்றைக்குக் காலையில் பதிகுல் அக்கா அனுப்பியிருந்த வார்த்தை 'பார்வை'. குழந்தை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கிடந்தது. மூட்டைக்காரர் பக்கத்தில் நின்றதைவிட அதிக நேரம் நின்றேன். ஜன்னல் வெளிச்சம் திரையில் பட்டு வெண்ணெய் நிறமாக உள்ளே வந்தபோது அது கண்ணைத் திறந்தது. நேராகப் பார்த்தது, ஏதோ கடன் வாங்கிவிட்டு ஒளிந்திருந்த ஆளைக் கண்டுபிடித்துவிட்டது மாதிரி. எடுத்தேன்.

கேமராவின் திரையை உள்ளங்கையால் மூடிக்கொண்டு விருந்துக்கு நடுவில் வந்து நின்றேன். "அருமையான படம் ஒண்ணு இருக்கு. பாக்கணும்னா கொரும்துக்."

"பிள்ளையைப் பாக்கவே இல்ல, படத்துக்கு எதுக்குடி?" என்று ஒருத்தி சிரித்தாள்.

"அப்ப பாக்காதீங்க."

மறைத்து வைத்தால் யாருக்குத்தான் மனசு ஆறும்? அடுத்த வீட்டுக்காரி கைக்குட்டை கொடுத்தாள். அக்காவின் பெரிய பெண்கள் இரண்டு பேர் மிட்டாய் கொடுத்தார்கள். கடைசியில் எர்மெக் அத்தான் வந்தார். "கொழுந்தியான்னா கொள்ளைக்காரின்னு அர்த்தம்" என்று சொல்லியபடி, வண்டி ஓட்டும்போது போடுகிற கறுப்புக் கண்ணாடியை என் தலையில் மாட்டிவிட்டார். படத்தைப் பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போனார். வெகு நேரம் வெளியே வரவில்லை.

அத்தானின் அப்பா காசிமாலி வீட்டுப் பெரியவருக்கான இடத்தில் உட்கார்ந்திருந்தார். "நீங்க என்ன தரீங்க மாமா?" என்று கேட்டேன்.

"நான் பேரே குடுத்திருக்கேன். அதவிட என்ன வேணும்?"

"அது உங்க பேரு இல்ல மாமா. என்னோடது."

"அதான் உன்கிட்டேர்ந்து எடுத்துக்கறோம். பெருமைப்படு பிள்ளை. உங்கப்பனுக்குப் பலிச்ச பேரு."

எல்லாரும் தலையாட்டினார்கள். அந்தக் கிழவர் கெட்டவர் இல்லை. மூத்த பேத்தி குதிரையில் ஏறினால் கடிவாளத்தை அவர்தான் பிடிப்பார். ஆனால் அவருக்கு நான் ஏற்கெனவே பலன் கொடுத்த ஒரு மருந்துச் சீட்டு, அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் பதிகுல் அக்கா அனுப்பிய வார்த்தை 'சத்தம்'. சத்தத்தை எப்படிப் படம் எடுப்பது? அடுப்படியில் விசில் அடிக்கிற கெண்டியை எடுத்தேன், வேன் கதவை எடுத்தேன், எதுவும் தேறவில்லை. அதற்குள் மொல்தோ வந்துவிட்டார். மொல்தோ என்றால் ஏதோ நரைத்த தாடி என்று நினைக்க வேண்டாம். பள்ளியில் எனக்கு ஒரு வகுப்பு மேலே படித்த பக்தியார்தான் அது. தாடி இன்னும் முளைப்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் ஒரு நொடி பழைய சிரிப்பு வந்து, உடனே மொல்தோ முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டான்.

திரையை விலக்கினார்கள். அக்கா தலைக்குத் துணி போட்டுக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். பக்தியார் குழந்தையைக் கையில் வாங்கி, காதில் பாங்கு ஓதினான். நல்ல குரல், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பிறகு காசிமாலியைப் பார்த்தான். அவர் பெயரைச் சொன்னார். நான் கேமராவை முகத்தில் வைத்துக்கொண்டு, சுவர் மாதிரி, மூச்சுகூட விடாமல் நின்றேன்.

பக்தியார் குழந்தையின் காதுக்குக் குனிந்தான். "உன் பேரு ஊல்போல்சுன்."

"என்னா?" என்றேன் நான்.

அறையில் எல்லாரும் திரும்பினார்கள். பக்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி, "உன் பேரு ஊல்போல்சுன்" என்றான்.

"இங்கதான இருக்கேன். சொல்லு பக்தியார்."

யாரோ ஒரு பெண் போர்சோக்கை வாயில் வைத்துக்கொண்டே சிரித்துப் புரை ஏறி இருமினாள். பக்தியாரின் காது சிவந்துவிட்டது. "ஊல், உன்ன இல்ல. பிள்ளைய."

"பிள்ளைக்கு எதுக்கு என் பேரு? அந்தப் பேருக்கு ஆள் இருக்கு. நான் உசுரோட நிக்கறேன். நீ எத்தன தடவ கூப்பிட்டாலும் நான்தான் பதில் சொல்லுவேன்."

"விளையாட்டா இருக்கா உனக்கு?" காசிமாலி முழங்காலில் கை ஊன்றி எழுந்தார். "எர்மெக், உன் கொழுந்தியாள வெளிய கூட்டிட்டுப் போ."

அத்தான் எழுந்தார். அவர் என் பக்கம் வரவில்லை. அக்கா பக்கம் போய் உட்கார்ந்தார். அப்பா முன்னால் அவர் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை, அன்றைக்கும் உயர்த்தவில்லை. "அசில்கான், ஒரு பேரு வச்சிருக்கேன்னு நேத்து சொன்னியே" என்றார்.

அக்கா நிமிர்ந்தாள். அவள் வாயைத் திறந்ததும் நான் பட்டனை அழுத்தினேன். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு பதிகுல் அக்கா, கை ஆடியிருக்கிறது, எடுக்கும்போது பேசிக்கொண்டிருந்தாயா என்று திட்டினாள். மதிப்பெண்ணும் போடவில்லை. போகட்டும். கலங்கலாக இருந்தாலும் அதில் என் அக்காவின் வாய் திறந்திருக்கிறது. வேறு எந்தப் படத்திலும் அது மூடித்தான் இருக்கும்.

"திலெக்" என்றாள். திலெக் என்றால் வேண்டுதல். "பையன் வேணும்னு எல்லாரும் வேண்டிக்கிட்டீங்க. நான் இவளத்தான் வேண்டிக்கிட்டேன்."

பக்தியார் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் அத்தானைப் பார்த்தான். "அவ சொன்னதுதான் பேரு" என்றார் அத்தான்.

பக்தியார் மூன்று முறை கூப்பிட்டான். ஒவ்வொரு முறையும் ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தபடி, பயந்துகொண்டேதான் கூப்பிட்டான். யாரும் பதில் சொல்லவில்லை. அந்த அறையில் அந்தப் பெயருக்கு வேறு சொந்தக்காரர் இல்லை.

காசிமாலி தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். நிலைப்படியில் நின்று திரும்பி, யாரையும் குறிப்பிட்டுப் பார்க்காமல், "அடுத்ததும் பொட்டப்புள்ளையா வந்து நின்னா அப்ப தெரியும்" என்றார்.

நான் பதில் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அக்கா முந்திக்கொண்டாள். குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, மருமகள் மாமனாரிடம் பேச வேண்டிய அதே அடக்கமான குரலில் சொன்னாள்.

"வரட்டும் மாமா. அவளுக்கும் பேரு வச்சிருக்கேன்."