கடைசி ஆளின் சட்டை

மலையேறும் மோட்டார் சைக்கிள் கூட்டத்தில் முன்னால் போகிறவனைத்தான் எல்லாரும் வழிகாட்டி என்பார்கள். அது பாதி உண்மைதான். பின்னால் வருகிறவன் சரியில்லை என்றால் முன்னால் போகிறவன் யாருக்கு வழி காட்டுவது? திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் கராஜும் வீடுமாக, ஆட்களை மலைக்குக் கூட்டிப்போகும் இந்தத் தொழிலை எட்டு வருடம் நடத்திவரும் ஜெமீலுக்கு இது நன்றாகத் தெரியும். ஆகவே முன்னால் தானே போனான். கடைசி ஆளாக, மனைவி ஸல்ஹாவின் தம்பி பஸ்லானைப் போட்டான்.

அவர்களுடைய முறை இதுதான். சந்தி வந்தால் தனக்கு அடுத்து வருகிறவரை ஜெமீல் அங்கே நிறுத்திவிட்டுப் போவான். நிற்கிறவர் திரும்பவேண்டிய பக்கத்தைப் பின்னால் வருகிறவர்களுக்குக் கைகாட்ட வேண்டும். ஆரஞ்சுச் சட்டை போட்ட கடைசி ஆளைக் கண்ட பிறகுதான் அவர் கிளம்பலாம். ஆள் நிற்காத சந்தி என்றால் யோசிக்காமல் நேரே போக வேண்டியதுதான். அந்த ஆரஞ்சுச் சட்டைப் பையில் தீப்பெட்டியளவில் ஒரு கருவி இருக்கும். போன் வேலை செய்யாத காட்டிலும் அது பத்து நிமிடத்துக்கு ஒருதரம், தான் இருக்கும் இடத்தை வானத்துக்குச் சொல்லும். ஸல்ஹாவின் போனில் அது ஒரு புள்ளியாக வந்து விழும். கூட்டத்துக்கே ஒரு கருவிதான். கடைசி ஆள் வந்துவிட்டால் எல்லாரும் வந்த மாதிரித்தானே என்று ஜெமீல் நினைத்திருந்தான். அதில் ஓட்டை இருப்பது எட்டு வருடமாக ஒருவர் கண்ணிலும் படவில்லை.

சீனன்குடாவில் ஒழுங்கான வேலையில் இருந்த பஸ்லானை இதற்குள் இழுத்துவிட்டது ஸல்ஹாதான். அவன் மனைவி ஷிஃபானாவுக்கு அது துளியும் பிடிக்கவில்லை. பயணம் தொடங்கினால் கிண்ணியா வீட்டிலிருந்து மணிக்கு ஒருதரம் நாத்தனார் ஸல்ஹாவுக்குப் போன் எடுத்து, "மச்சி, அவர் இப்ப எங்க நிக்கிறார்?" என்பாள். தொல்லை தாங்காமல் ஸல்ஹா அந்தப் புள்ளியை அவளுடைய போனிலும் தெரியும்படி செய்து கொடுத்தாள். நீயே பார்த்துக்கொள், என்னை விடு என்று.

சனிக்கிழமை, பயணத்தின் இரண்டாம் நாள். கொழும்பிலிருந்து வந்த ஆறு பேரும் அன்றிரவு தங்கவேண்டிய பங்களாவை நோக்கி நக்கிள்ஸ் மலைக்குள் ஏறியிருந்தார்கள். திருகோணமலையில் வெயில் கொளுத்தியது. மேல்மாடி ஜன்னலால் துறைமுகத்தைப் பார்க்க முடியாமல் கண் கூசியது. மூன்று மணிக்கு ஜெமீல் எடுத்தான்.

"இஞ்ச ஒரே மழை. ஒரு ஆள் விழுந்து மணிக்கட்டு முறிஞ்சு போச்சு. நான் மேல, சிக்னல் கிடைக்கிற கல்லில நிக்கிறன். ஆரஞ்சுச் சட்டை கீழ பங்களாவுக்குள்ள போனதைக் கண்டனான். எதுக்கும் நீ ஒருக்காப் பார். பஸ்லான் வந்திட்டானா?"

ஸல்ஹா பார்த்தாள். புள்ளி பங்களாவின் மேலேயே குந்திக்கொண்டிருந்தது.

"ஓம், வந்திட்டான்."

"அப்ப சரி. நான் இவரைத் தேயிலை லொறியில ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறன்."

வைத்த கையோடு ஷிஃபானாவுக்கு எடுத்தாள். "உன்ட மனிசன் பத்திரமா வந்து சேர்ந்திட்டான். இனியாவது சாப்பிடு." ஷிஃபானா சிரித்தாள். தானும் பார்த்துக்கொண்டுதான் இருந்ததாகச் சொன்னாள்.

ஜெமீல் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி, அந்தக் கல்லில் ஏறி மறுபடி எடுத்தபோது ஐந்தரை. குரல் வேறு மாதிரி இருந்தது.

"பஸ்லான்ட புள்ளி எங்க காட்டுது?"

"பங்களாவில. ஏன்?"

"அவன் இஞ்ச இல்ல."

"வடிவாப் பாருங்க. புள்ளி அங்கதான் நிக்குது."

"ஸல்ஹா, சட்டைதான் இஞ்ச நிக்குது."

நடந்தது இவ்வளவுதான். வந்தவர்களில் பிரியங்கினி என்ற பெண் மழையில் நனைந்து, கைப்பிடியைப் பிடிக்க முடியாமல் நடுங்கியிருக்கிறாள். பஸ்லான் தன் ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றி அவளுக்குப் போட்டுவிட்டான். அவன் குணம் அப்படி. தன் பைக்கின் சங்கிலியைச் சரிபார்த்துக்கொண்டு வருவதாகச் சொல்லி அவளை முன்னால் அனுப்பியிருக்கிறான். சந்தியில் கைகாட்ட நின்ற, கூட்டத்தில் இன்னொருவனான திலக்சன் ஆரஞ்சு நிறத்தைக் கண்டதும், கடைசி ஆள் போயாயிற்று என்று சொன்னபடியே கிளம்பிவிட்டான். அவன்மேல் என்ன குற்றம்? பிறகு வந்த பஸ்லானுக்குச் சந்தியில் ஆள் இல்லை. ஆள் இல்லையென்றால் நேரே. அதை மற்றவர்களுக்குப் படித்துப் படித்துச் சொன்னவனே அவன்தான். நேரே போகும் பாதை போன மழைக்கு மண்சரிந்து பாதியில் அறுந்து கிடந்தது.

பங்களாவில் இருந்தவர்கள் அவன் ஜெமீலோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பான் என்று நினைத்தார்கள். ஜெமீல் அவன் பங்களாவில் இருப்பதாக நினைத்தான். ஏனென்றால் ஸல்ஹா சொன்னாள். இரண்டரை மணி நேர வெளிச்சத்தை அவளுடைய ஒரு "ஓம்" தின்றுவிட்டது. அவளுக்குக் கதிரையில் இருக்கவும் முடியவில்லை, எழும்பி நிற்கவும் முடியவில்லை.

"ஊர் ஆக்கள் ரெண்டு பேர் வாறாங்கள். நான் இறங்கிறன்," என்றான் ஜெமீல். "அந்தச் சட்டையை நான் போடுறன். நான் போற இடத்தை நீ பார்க்கலாம். அவனைக் கண்டு, நடக்கக்கூடிய மாதிரி இருந்தால் கருவியில பச்சைப் பொத்தானை அமத்துவன், உன்ட போனில தெரியும். ஏலாமல் கிடந்தால் சிவப்பு."

மூன்றாவதாகவும் ஒன்று நடந்திருக்கலாம் என்பதை அவன் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

அவள் உதவி கேட்டுத் தெரிந்த எண்களுக்கெல்லாம் எடுத்தாள். எல்லாரும் தன்மையாகத்தான் பேசினார்கள். மழை விடட்டும், விடியட்டும் என்றார்கள். நூறு மைலுக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு அவள் யாரோடு சண்டை பிடிப்பாள்? ஷிஃபானாவின் எண்ணை மூன்று தரம் எடுத்துவிட்டு மூன்று தரமும் வைத்தாள்.

பொழுதுபட்டு மஃரிப் பாங்கு சொல்லி முடிந்தபோது ஷிஃபானாவே எடுத்தாள்.

"மச்சி, பாத்தீங்களா? புள்ளி அசையுது. இந்த நேரத்தில அவர் எங்க இறங்கிப் போறார்?"

யாரோ எதையோ வழியில் விட்டுவிட்டார்களாம், எடுக்கப் போகிறான் என்று சொல்லிவிடலாம். பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

"ஷிஃபானா, அது தம்பி இல்ல. அது இவர். தம்பிட சட்டையைப் போட்டுக்கொண்டு தம்பியைத் தேடிப் போறார்."

சட்டை கைமாறிய கதையை அவள் சொல்லி முடித்தாள். ஷிஃபானா மெதுவாகக் கேட்டாள்.

"மூணு மணிக்கு நீங்க வந்திட்டார் எண்டு சொன்னீங்களே, மச்சி."

"சொன்னனான்."

ஷிஃபானா திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பச்சை என்றால் என்ன, சிவப்பு என்றால் என்ன என்று மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டாள். போனை வைக்கவும் இல்லை. ஆறு நாற்பதுக்குப் புள்ளி சந்தியில் நின்றது. ஆறு ஐம்பதுக்கு நேரே போகும் பாதையில் இருந்தது. ஏழுக்கு மண் சரிந்த இடத்துக்கு வந்தது. ஏழு பத்துக்கும் அங்கேதான். ஏழு இருபதுக்கும் அங்கேதான். பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை.

"மச்சி, அங்கேயே நிக்குது. கண்டிட்டாங்கதானே?"

"ஓம்" என்ற சொல் வாய்வரை வந்தது. ஸல்ஹா அதை விழுங்கினாள்.

"தெரியாது, ஷிஃபானா. சட்டை எங்க நிக்குது எண்டு மட்டும்தான் எனக்குத் தெரியும்."

 அடுத்த புள்ளி விழவேண்டிய ஏழரைக்கு இன்னும் நான்கு நிமிடம் இருந்தது. இருவரும் காத்திருந்தார்கள்.